அவன் திரும்பிப் பார்த்த பேர்

"அந்தப் பேரை மட்டும் எங்க அத்தை காதுல போட்டுராதேயும், தம்பி. ஒம்மைக் கும்பிட்டுக் கேக்கேன்."

வேலாயுதம் அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவர் கை முழுக்க எண்ணெய். குற்றாலத்துப் பெரிய அருவிக்குப் போகிற பாதையில், ஈரம் சொட்டுகிற ஒரு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். சாரலை மழையென்றும் சொல்ல முடியாது, பனியென்றும் சொல்ல முடியாது. வந்து புருவத்தில் உட்கார்ந்துகொள்ளும். அருவி இரைச்சலோடு, தண்ணீருக்குள் நிற்கிறவர்கள் போடுகிற கூச்சலும் சேர்ந்து வந்தது.

அண்ணாச்சிக்கு அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை. பலகையில் குப்புறப் படுத்திருந்த ஒரு வியாபாரி, "எப்பா, பாதியில விட்டுட்டு எங்க போயிட்டே?" என்று சத்தம் போட்டார்.

"இந்தா வந்துட்டேன் மொதலாளி! ஒடம்பு இரும்பு மாதிரி இருக்குல்லா, எண்ணெய் ஊறட்டும்னுதான் விட்டிருக்கேன்" என்று அண்ணாச்சி திரும்பிப் பார்க்காமலேயே குரல் கொடுத்தார். அந்த வாயில் பொய் அப்படி வழுக்கிக்கொண்டு வரும். என் பக்கம் பார்த்த கண்ணில் மட்டும் ஈரம் இருந்தது.

நான் அன்று காலை ரயிலில்தான் தென்காசியில் இறங்கியிருந்தேன். உலகச் சண்டை முடிந்து, அஸ்ஸாம் காட்டிலிருந்து ஊருக்குத் திரும்பின நாள். என்னோடு போன குப்பாண்டி திரும்பவில்லை. அவன் செத்துப்போன சேதி எனக்கு முன்னாலேயே அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. அண்ணாச்சி அவனுடைய அக்காள் புருஷன். அத்தை என்று அவர் சொன்னது குப்பாண்டியின் அம்மாவை.

அவனைப் பற்றிப் பேசும்போது, "அங்கே எல்லாரும் அவனை லக்கின்னுதான் கூப்பிடுவாங்க" என்று சொன்னேன். அவ்வளவுதான். அண்ணாச்சி முகம் வெளிறிவிட்டது.

ஒரு பேருக்கா இத்தனை பயம் என்று கேட்பீர்கள், பிள்ளைகளா. கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

நம் வீட்டு வத்தல்

நீங்கள் எதற்கெடுத்தாலும் "ஓக்கே" என்கிறீர்கள். அது எந்த ஊர் வார்த்தை என்று சின்னவள் போன வாரம் கேட்டாள். கேட்கப் போய்த்தான் இதெல்லாம் கிளம்பி வருகிறது. அந்த வார்த்தைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் நம் ஊர்ப் பேர்கள்.

தென்காசியில் அப்போது ஒருத்தருக்குப் பட்டப்பேர் இல்லையென்றால் அவர் வெளியூர்க்காரர் என்று அர்த்தம். நம் வீட்டுக்கு "வத்தல் வீடு" என்று பேர். என் தாத்தா யாரோ வீட்டுக் கல்யாணப் பந்தியில் சுண்டைக்காய் வத்தலைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கித் தின்றாராம். அவர் போய்ச் சேர்ந்தார், வத்தல் போகவில்லை. எட்டாம் கிளாஸோடு நான் படிப்பை நிறுத்தினபோது வாத்தியார் சிரித்துக்கொண்டே, "வத்தலுக்கு எதுக்குலே படிப்பு? எண்ணெய்ச் சட்டி போதாதா?" என்றார்.

அவர் வாய் முகூர்த்தம், சட்டிக்குத்தான் போனேன். குற்றாலத்தில் சீசனுக்கு நடக்கிற ஒரு காப்பி கிளப்பில் அடுப்படி வேலை. அங்கே ஆட்டுரலில் மாவாட்டிக்கொண்டிருந்தவன் குப்பாண்டி. என்னைவிட இளையவன். ஒல்லி. சிரித்தால் ஈறு தெரியும்.

குப்பாண்டி என்பது ஊர் வைத்த பட்டப்பேர் இல்லை. பெற்றவள் வைத்தது.

அவனுக்கு முன்னால் பிறந்த ஆண்பிள்ளைகள் ஒன்றும் அவளுக்குத் தங்கவில்லை. பேர் வைப்பாள், அது நாக்குக்குப் பழகுவதற்குள் புதைக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட வீடுகளில் நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் போட்டு எடுப்பார்கள். குப்பை, பிச்சை என்று யாரும் ஆசைப்படாத பேராக வைப்பார்கள். எமன் வந்து எட்டிப் பார்த்தால், "சீ, குப்பை" என்று போய்விடுவானாம்.

இது மூடநம்பிக்கை என்று உங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவார்கள். சரிதான். ஆனால் குப்பாண்டி பிழைத்துவிட்டானே. அதற்கப்புறம் அவளிடம் யார் என்ன சொல்ல முடியும்?

சண்டை வந்தது. அரிசிக்குத் தட்டுப்பாடு, கிளப்பை மூடிவிட்டார்கள். அந்தச் சமயம் அஸ்ஸாம் பக்கம் அமெரிக்கப் பட்டாளத்துச் சமையல் கொட்டகைக்கு ஆள் எடுக்க ஒரு ஏஜெண்டு வந்தார். நாங்கள் இருவரும் கை தூக்கினோம்.

தென்காசி ஸ்டேஷனில் வண்டி நிற்கிறது. குப்பாண்டியின் அம்மா அவன் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ஏலே, அங்கன எவன் என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத. குப்பாண்டின்னாத்தான் திரும்பணும். எந் தலையில அடிச்சுச் சொல்லு."

"திரும்ப மாட்டேம்மா."

"நல்லாச் சொல்லு."

"திரும்ப மாட்டேன், திரும்ப மாட்டேன், போதுமா? எல்லாரும் பாக்காவம்மா, கைய விடு."

அவள் விடவில்லை. வண்டி நகர்ந்த பிறகுதான் விட்டாள்.

ஒரே பண்டம், ஆளுக்கொரு பேர்

அந்தக் கொட்டகை ஒரு மலைச்சரிவில் இருந்தது. சுற்றிலும் சேறு, மூங்கில், அட்டை. பர்மாவுக்குப் போகிற ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ரோடு போடுகிறவர்களுக்குச் சோறு போடுகிறவர்கள் நாங்கள்.

எங்களுக்கு மேலே ஒரு சார்ஜண்டு. செம்பட்டை முடி. அவனை எல்லோரும் "ரெட்" என்றார்கள். சிவப்பு என்று அர்த்தம். அவன் அப்பன் அம்மா வைத்த பேரைக் கடைசிவரை நான் கேட்டதில்லை. இன்னொருத்தன் பனைமரம் மாதிரி நெட்டையாக இருப்பான், அவனுக்குப் பேர் "ஷார்ட்டி", அதாவது குட்டையன். கன்னங்கரேல் என்று இருப்பவனை வெள்ளையன் என்று கூப்பிடுகிற ஊர்க்காரனுக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது. குப்பாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணே, இவனுவளும் நம்மாளுவதான்" என்றான்.

காப்பிக்கு அவர்கள் "ஜோ" என்பார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. சிலர் "ஜாவா" என்பார்கள். காப்பிக்கொட்டை அந்தத் தீவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்ததாம், அதனால். உருளைக்கிழங்குக்கு "ஸ்பட்". அது கிழங்கு தோண்டுகிற ஒரு மண்வெட்டியின் பேராம். வெட்டினதின் பேரை வெட்டப்பட்டதுக்கு வைத்துவிட்டார்கள். நடுவில் ஓட்டை போட்டுப் பொரிக்கிற இனிப்பு வடை ஒன்று உண்டு. அதை ஷார்ட்டி "சிங்க்கர்" என்பான். தூண்டிலில் கட்டுகிற ஈயக் குண்டுக்கு அந்தப் பேர். வயிற்றில் போய் அப்படி இறங்குமாம்.

காலையில் கல்லில் ஊற்றுகிற மைதா தோசையை வைத்துத்தான் பெரிய சண்டை. ரெட் அதை "ஹாட்கேக்" என்பான். ஷார்ட்டி "ஃபிளாப்ஜாக்" என்பான். இருவரும் ஒரே தேசம், ஆனால் ஒருவன் தெற்கு, ஒருவன் வடக்கு. கரண்டியை நீட்டிக்கொண்டு மல்லுக்கு நிற்பார்கள். தோசை கருகும். நாங்கள் எடுத்துப் போடுவோம்.

எங்களுக்குள்ளும் அதே கதைதான். குழம்பு என்று நாங்கள் சொல்வதை, கூட இருந்த அச்சன்புதூர் சாயபு "ஆணம்" என்பார். மதராஸ்காரர் ஒருவருக்குச் "சொதி" என்றால் என்னவென்றே தெரியவில்லை. "தேங்காய்ப் பால்ல காய்கறி போட்டுச் செய்யுததுவே. இது தெரியாம என்னத்தச் சமையக்காரன்?" என்று குப்பாண்டி அவரைப் போட்டு வறுத்தான்.

மக்காச்சோள மாவை உருட்டி எண்ணெயில் பொரித்தெடுக்க ரெட் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். அதன் பேர் "ஹஷ் பப்பி". "நாய்க்குட்டியே, சத்தம் போடாதே" என்று அர்த்தம். அவன் ஊர்ப் பக்கம் வேட்டைக்குப் போகிறவர்கள் மீன் பொரிக்கும்போது நாய்கள் குரைக்குமாம். மிச்ச மாவைப் பொரித்து வீசுவார்களாம். இது நிஜமோ கட்டுக்கதையோ, எனக்குத் தெரியாது. அவன் பாட்டன் சொன்னதாகச் சொன்னான்.

சின்னவள் கேட்ட "ஓக்கே"க்கும் அதே கதிதான். யாரோ ஒருத்தர் எழுத்துப்பிழையோடு எழுதினது நிலைத்துவிட்டது என்றான் ஷார்ட்டி. அந்த ஊர்ப் பழங்குடி மக்கள் பேச்சிலிருந்து வந்தது என்றான் இன்னொருத்தன். பிஸ்கோத்துப் பெட்டியில் அச்சடித்திருந்த எழுத்து என்றான் ரெட். ஆளுக்கு ஒரு கதை. எது சரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கண்ணு.

லாரி உருண்ட நாள்

எங்களுக்கும் பேர் வைத்தார்கள். எனக்கு வைத்தது "ஸ்லிம்". ஒல்லிப்பயல். வத்தலுக்கும் அதற்கும் ரொம்ப தூரம் இல்லை. நான் அலட்டிக்கொள்ளவில்லை.

குப்பாண்டிக்குப் பேர் வந்தது ஒரு மழை நாளில். கொட்டகையில் பெஞ்சில் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவன், தண்ணீர் எடுக்கப் போனான். அவன் நாலு எட்டு வைத்திருப்பான். மேலே நிறுத்தியிருந்த மாவு லாரி சேற்றில் சறுக்கிக் கொட்டகைக்குள் வந்துவிட்டது. பெஞ்சு இருந்த இடத்தில் பெஞ்சு இல்லை. குப்பாண்டி வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கீறல் இல்லை.

ரெட் ஓடிவந்து அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டு, "லக்கி!" என்று கத்தினான். அன்றிலிருந்து அதுதான்.

இவன் திரும்பவே மாட்டான். "லக்கி, உப்பு கொண்டா" என்றால் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருப்பான். காது மந்தம் என்று நினைத்துக்கொண்டு ரெட் அவன் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். நாங்களெல்லாம் சிரித்தோம். குப்பாண்டி சிரிக்கவில்லை.

ஒருநாள் பாத்திரம் தேய்க்கும்போது என்னிடம் கேட்டான்: "அண்ணே, லக்கின்னா என்ன?"

"அதிர்ஷ்டக்காரன்னு அர்த்தம்லே."

கொஞ்ச நேரம் சாம்பலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "என்னையவா அப்படிச் சொல்லுதாவ?" என்றான். அடுத்த பாத்திரத்தை இழுத்துக்கொண்டு, "நல்ல வார்த்தையால யாரும் என்னைக் கூப்பிட்டதில்லைண்ணே. பள்ளிக்கூடத்துல குப்பை வண்டி வருதுன்னு சொல்லுவானுவ. அதனாலதான் படிக்கப் போகாம நின்னேன்" என்றான்.

மறுநாள் ரெட் கூப்பிட்டபோது திரும்பினான். ஈறு தெரியச் சிரித்துக்கொண்டு திரும்பினான்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. அந்தக் காட்டில் பலருக்கும் வந்த காய்ச்சல்தான். கூடாரத்து ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் போய் உட்காருவேன். கடைசியில் நினைவு தப்பிவிட்டது. நான் "குப்பாண்டி, ஏலே குப்பாண்டி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அசையவில்லை. ரெட் வந்து குனிந்து "லக்கி" என்றான். முகம் அவன் பக்கம் திரும்பியது.

அதற்கப்புறம் அவன் எதற்கும் திரும்பவில்லை.

சுளகில் இருந்தது

அண்ணாச்சிக்கு நான் இதையெல்லாம் மரத்தடியிலேயே சொன்னேன். "சத்தியத்தை மீறிட்டான், அதான் போயிட்டான்னு அத்தை நெஞ்சுல அடிச்சுக்கிட்டே செத்துருவா, தம்பி. அங்கயும் குப்பாண்டின்னே இருந்தான்னு இருக்கட்டும்" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனார். பலகையில் படுத்திருந்த வியாபாரியை மறந்தே போனார்.

வீட்டுக்குள் கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. அண்ணாச்சியின் மனைவி செல்லம்மாளுக்கு ஆண்பிள்ளை பிறந்து ஒரு மாதமாகியிருந்தது. முதல் பிள்ளை தங்கவில்லை. இது இரண்டாவது.

குப்பாண்டியின் அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது தீர்ந்துபோன முகம். "வாரும்யா. இரியும்" என்றாள். பக்கத்தில் ஒரு சுளகு, முறம் என்பார்களே அது. அது நிறையத் தவிடு.

நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கெழமை பேரனைக் குப்பையில போட்டு எடுக்கணும். எதுத்த வீட்டுக்காரி எடுப்பா. நான் இந்தத் தவிட்டைக் குடுத்து அவகிட்ட வெலைக்கு வாங்குவேன். அவனையும் அப்படித்தான் வாங்கினேன்" என்றாள்.

"எம்மா, இவனுக்காவது ஒரு நல்ல பேரா..." என்று செல்லம்மாள் ஆரம்பித்தாள்.

"நீ வாய மூடுட்டீ. நல்ல பேரு வச்சுத்தான் மண்ணுல பொதச்சேன் அத்தனையும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கேன்யா. அங்கன அவனை என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாவ?"

நான் வாயெடுக்குமுன் அண்ணாச்சி முந்திக்கொண்டார். "வேற என்ன பேரு அத்தை? குப்பாண்டின்னுதான். அந்த வெள்ளைக்காரத் தொரைகூட நாக்கை மடிச்சு மடிச்சு அப்படித்தான் கூப்பிடுவானாம். தம்பி இப்பந்தான் சொன்னாரு."

"அப்ப நான் வச்ச பேரோடயேதான் இருந்தானா?"

"கடைசி வரைக்கும் அத்தை."

அவள் தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், பாரம் இறங்கினவர் மாதிரி.

"அப்ப அந்தப் பேரு காக்கலை" என்றாள் அவள்.

பக்கத்திலிருந்த சுளகைக் கையால் தள்ளினாள்.

"எவனோ வேற பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பான், இவன் கூறுகெட்டதனமாத் திரும்பியிருப்பான், அதான் போயிட்டான்னு நெனச்சுக்கிட்டுல்லா கெடந்தேன். இவ்வளவு நாளும் அந்தப் படுபாவியைத்தான் ஏசிக்கிட்டுக் கெடந்தேன். அவன் குப்பையாவே இருந்தும் போயிட்டானா?"

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "இல்லை பெரியம்மா. அண்ணாச்சி ஒங்களுக்காகச் சொல்லுதாரு. அங்கே அவனுக்கு வேற பேரு இருந்தது. லக்கின்னு கூப்பிடுவாங்க. முதல்ல திரும்பவே மாட்டான். அப்புறம் திரும்பினான். கடைசியில்கூட அந்தப் பேருக்குத்தான்..."

அவள் என்னைக் கோபிக்கவில்லை. ஏதோ சின்னப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"ஒமக்கு நல்ல மனசுய்யா. என்னைத் தேத்துதீரு."

"சத்தியமாச் சொல்லுதேன் பெரியம்மா."

"எந் தலையில கைய வச்சுச் சொல்லிட்டுப் போன பிள்ளை திரும்புவானாய்யா? ஒமக்கு அவனைத் தெரியாது. திரும்ப மாட்டான்."

"அத்தை, நான்தான் பொய் சொன்னேன். ஏசுனாலும் ஏசுங்க, அவரு சொல்லுததுதான் நெசம்" என்று அண்ணாச்சி அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்பிள்ளை, நீங்க சும்மா இருங்க. அருவிக்கரைப் பேச்செல்லாம் வீட்டுல வேண்டாம்."

எழுந்தாள். சுளகை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். எருமை கட்டியிருந்த இடத்தில், தொட்டித் தண்ணீரில் தவிடு முழுவதையும் கொட்டிக் கையால் கலக்கினாள். செல்லம்மாள் பிள்ளையோடு ஓடினாள்.

"எம்மா! வெள்ளிக்கெழமைக்கு வேணும்லா?"

"மாடு பசியாக் கெடக்கு."

"அப்ப பிள்ளைக்கு?"

"ஒனக்குப் புடிச்ச பேரா வை. நான் வச்சது போதும்."

செல்லம்மாள் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, பிள்ளையை இறுக்கிக்கொண்டு அழுதாள். எருமை தலையைத் தொட்டிக்குள் விட்டுக் குடிக்கிற சத்தம் கேட்டது.

அதன் பேர் என்ன?

அந்தச் சாரலில் கிளப்பைத் திரும்பத் திறந்தார்கள். நான் பழைய அடுப்படிக்கே போனேன். வேலை முடிந்தால் அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்வருவேன். பிள்ளைக்கு அப்போதும் பேர் வைக்கவில்லை. செல்லம்மாளுக்குத் துணிச்சல் வரவில்லை. எல்லோரும் "ஏலே" என்றே கூப்பிட்டார்கள். அதுவும் அதற்குச் சிரித்தது.

நான் மறுபடி ஒரு தடவை லக்கி என்று ஆரம்பித்தேன். பெரியம்மா கையை நீட்டித் தடுத்தாள். "அந்தப் பேச்சை விட்டுரும். வேற என்னமும் சொல்லும். அங்கன அவன் என்ன தின்னான்?"

அதைச் சொன்னேன். கல்லில் ஊற்றுகிற மைதா தோசை, நாய்க்கு வீசுகிற பொரி உருண்டை, வயிற்றில் ஈயக் குண்டாக இறங்குகிற வடை. ஒவ்வொன்றுக்கும் அவள், "அது பேரு என்ன?" என்று கேட்பாள். நான் சொல்வேன். அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

"கடைசியா என்ன தின்னான்?"

காய்ச்சலில் அவன் எதுவும் தின்னவில்லை. நினைவு தப்புவதற்கு முன்னால் ரெட் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து திறந்தான். சர்க்கரைத் தண்ணீரில் ஊறின பழத்துண்டுகள். ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்துத் தானே ஊட்டினான். குப்பாண்டி அதை வாயில் வைத்துக்கொண்டு, "சாம்பல் மாதிரி இருக்குண்ணே" என்று என்னிடம் சொன்னான். அவனுக்கு நாக்கு செத்துப்போயிருந்தது.

"ஒரு பழம் பெரியம்மா. அந்தத் தொரையே ஊட்டினார்" என்றேன்.

"அது பேரு என்ன?"

"பீச்."

"பீச்" என்று சொல்லிப் பார்த்தாள். இன்னொரு தடவையும் சொன்னாள். "இனிச்சுதாமா அவனுக்கு?"

"இனிக்குதுண்ணேன்னு சொன்னான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். அதை நம்பினாள்.